மருந்து என்னும் சொல்லும் மூளை ஆய்வும்



மொழியியல் பயின்றோர் மருந்தியலைப் பற்றி என்ன பேச இயலும் என்னும் வினா உங்களுள் சிலருக்கு எழலாம். ஒரு பொருள் மூளையில் எவ்வாறு வினைபுரிகிறது என்பதை அறிவியலாரே கூற வேண்டும். ஆனால், அவர்கள் கண்டறிந்ததை நாம் எச்சொல்லால் வழங்குகிறோம் என்பது மொழியைச் சார்ந்த வினா. அச்சொல் பொருந்தாததாயின், நோயுற்ற ஒருவர் மருத்துவரிடம் செல்லாமலே இருந்துவிடவும் கூடும்.

நம் பினாங்குத் தீவில், மிண்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு மையம் இயங்கி வருகிறது. அதன் ஆங்கிலப் பெயரில் 'டிரக்' என்னும் ஒரே சொல்தான் உண்டு. மலாய்ப் பெயரிலோ 'டாடாஹ்', 'உபாட்' என இரண்டு சொற்கள் உள்ளன. இன்றைய வழக்கில் முன்னது போதைப்பொருள். பின்னது நோய் தீர்க்கும் மருந்து. அம்மையத்தின் பணியும் இவ்விரு சொற்களுக்கும் ஏற்ப இருவகையாகவே அமைந்தது. அதன் இயக்குநராக விளங்கிய பேராசிரியர் விசுவேசுவரன் நவரத்தினம் போதைப்பொருள் சார்பை ஆராய்ந்தார். அவரே ஷரிப் மாசுபி மன்சோர் முதலானோருடன் சேர்ந்து, மலேரியாவுக்கு வழங்கும் ஆர்ட்டிமிசினின் வகை மருந்துகள் உடலில் அடையும் மாற்றங்களைப் பற்றி 2000ஆம் ஆண்டில் விரிவான கட்டுரையொன்றையும் வெளியிட்டார். ஒரு பொருள் உடலில் எவ்வளவு நேரம் தங்குகிறது, எதுவாக மாறுகிறது, எங்கே சென்று வினைபுரிகிறது என்னும் வினாக்கள் இரு வகைக்கும் பொதுவே.

தமிழில் 'மருந்து' என்னும் சொல்லின் பரப்பு மிகப் பெரிது. நோய் தீர்ப்பதும் மருந்து. பயிர்ப்பூச்சியைக் கொல்வதும் மருந்து. பாறையைப் பிளப்பது வெடிமருந்து. மனத்தை மயக்கக் கமுக்கமாய்க் கொடுப்பது இடுமருந்து. மலாயிலும் துப்பாக்கி மருந்து 'உபாட் பெடில்'. கொசுவர்த்திச் சுருள் 'உபாட் ஞாமோக்'. கிரேக்கத்தில் 'பார்மகோன்' என்னும் சொல் மருந்தையும் நஞ்சையும் ஒருங்கே குறித்தது. குணத்தைக் குறிக்காமல் ஆற்றலைக் குறிக்கும் சொற்கள் இவை. நன்மை தீமை பின்னர் வருவது என்பதை முன்னோர் உணர்ந்திருந்தனர் எனலாம்.

இதற்கு வடமாநிலங்களில் வளரும் கெத்தும் மரம் நல்ல எடுத்துக்காட்டு. அதன் இலையை மென்றும், கொதிக்கவைத்து நீராகப் பருகியும் உழைப்பாளர்கள் களைப்பும் வலியும் தீர்த்துக்கொண்டனர். அபினுக்கு மாற்றாக அது பயன்பட்ட செய்தியை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதி வைத்துள்ளனர். அவ்விலையின் முதன்மையான வேதிப்பொருளாகிய மித்ராஜினினை 1921இல் எலன் பீல்டு பிரித்தெடுத்தார். 2003இல் அது நம் நாட்டின் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. தாய்லாந்தோ 2021இல் கெத்துமைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. சிற்றூரார் அதை மருந்து என்கின்றனர். நம் சட்டம் நஞ்சு என்கிறது. நாளேடுகள் போதை என்கின்றன. இலை ஒன்று, பெயர் மூன்று.

மூளைக்கு இப்பெயர்கள் எவையும் தெரியா. நம் மூளை தானே வலி தணிக்கும் பொருள்களைச் சுரக்கிறது. அவற்றை வாங்கி வினைபுரியும் இடங்களை 'ஏற்பிகள்' என்கிறோம். அபின் வகைப் பொருள்கள் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளைக் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் சிண்டரும் 1973இல் நிறுவினர். மார்பினும் ஹெராயினும் இவ்வேற்பிகளை வலுவாக இயக்குகின்றன. மூச்சை ஆளும் மூளைத்தண்டிலும் இவை இருப்பதால், அளவு மிகும்போது மூச்சு நின்று உயிர் போகிறது. மித்ராஜினின் அதே ஏற்பிகளைப் பகுதியளவே இயக்குகிறது. ஆயினும், கல்லீரலில் அதன் ஒரு பகுதி அதனினும் ஆற்றல் மிக்க வேறொரு பொருளாக மாறுகிறது. எனவே, இலையின் இயல்பை ஒரே சொல்லில் அடக்குவது எளிதன்று.

மிண்டன் ஆய்வாளர் விக்னசிங்கமும் யேல் பல்கலைக்கழகத்தாரும் இணைந்து 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 26 ஆடவர் பங்கேற்றனர். குளிர்நீரில் கையை வைத்து எவ்வளவு நேரம் தாங்குகின்றனர் என்று அளந்தனர். கெத்தும் நீர் பருகுவதற்கு முன் சராசரியாக 11.2 விநாடி தாங்கியவர்கள், பருகி ஒரு மணி நேரம் கழித்து 24.9 விநாடி தாங்கினர். கெத்தும் கலவாத, ஆனால் அதைப் போன்றே தோன்றும் பானத்தைப் பருகியபோது இத்தகைய ஏற்றம் காணப்படவில்லை. அத்தகைய பானத்தைத் தமிழில் 'போலி மருந்து' என எழுதுகின்றனர். கள்ளச்சந்தை மருந்துக்கும் அதுவே பெயர். ஏமாற்றுவதற்காகச் செய்வது வேறு. ஒப்பிட்டு அறிவதற்காகச் செய்வது வேறு. பின்னதை 'வெற்று மருந்து' என்று வழங்குவது நன்று.

இம்முடிவை மட்டும் கொண்டு கெத்தும் தீங்கற்றது என முடிவு செய்தலாகாது. அதே மையத்தினர் பங்கேற்று 2014இல் வெளிவந்த ஆய்வொன்றில், தொடர்ந்து கெத்தும் பருகிய 293 பேருள் பாதிக்கு மேற்பட்டோர் கடுமையான சார்பு நிலையில் இருந்தமை தெரியவந்தது. சுரினா ஹசானும் உடனாய்வாளரும் 2019இல், மித்ராஜினின் எலிகளின் இடமறி கற்றலைக் குறைப்பதைக் காட்டினர். வலி தணிப்பதும் சார்பை உண்டாக்குவதும் ஒரே பொருளே.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்கிறோம். அது மெய்யே, ஆயினும், முழு மெய்யன்று. அளவு மாறாதிருக்கவும் மூளை மாறுகிறது. மீண்டும் மீண்டும் வரும் பொருளுக்கேற்ப அது தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது. அதனால் முன்பு போதுமாயிருந்தது பின்பு போதாமற் போகிறது. நிறுத்தினால் உடல் நோகிறது. இது மூளையில் நிகழும் மாற்றம். இதனை ஒருவரின் ஒழுக்கக் கேடு என்று மட்டுமே கொள்வது பொருந்தாது.

நம் சொற்களோ ஒழுக்கத்தையே சுட்டுகின்றன. 'போதைப்பித்தர்' என்று நம் நாளேடுகள் எழுதுகின்றன. 'போதைக்கு அடிமை' என்று மேடையில் பேசுகிறோம். இது நமக்கு மட்டும் உரிய குறையன்று. ஆங்கிலத்தில் வழங்கும் 'அடிக்ட்' என்னும் சொல்லின் இலத்தீன் வேரும், கடன் தீர்க்க இயலாமல் கடன் கொடுத்தவனிடம் ஒப்படைக்கப்பட்ட மனிதனைக் குறித்ததே. உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1964இல் அத்தகைய பழைய சொற்களை விடுத்து, 'சார்பு' என்னும் பொருள்படும் சொல்லைப் பரிந்துரைத்தது. மருந்தியலாரே தம் சொல்லை மாற்றிக்கொண்டனர் என்பதை நாம் கருத வேண்டும்.

இதன் பயன் ஏட்டளவில் நிற்பதன்று. ஹெராயின் சார்புடையோர்க்கு மெத்தடோன் வழங்கும் திட்டம் நம் நாட்டில் 2005இல் தொடங்கியது. அதே ஏற்பிகளை நீண்ட நேரம் சீராக இயக்குவதால், நாளொன்றுக்கு ஒருமுறை பருகும் மெத்தடோன் உடல்நோவைத் தடுக்கிறது. அவர் வேலைக்குச் செல்ல முடிகிறது. ஊசியின் தேவையும் நீங்குகிறது. ஆனால், "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று குடும்பத்தார் தடுப்பதுண்டு. அவர்கள் மீது குறையில்லை. மருந்தையும் போதையையும் இரு வேறு பொருள்களாகவே நாம் அவர்களுக்குக் கற்பித்துள்ளோம். ஒரே ஏற்பியின் மீது இரண்டும் வினைபுரியலாம் என்பதைச் சொல்ல நம் பாடநூல்களில் இடம் இல்லை.

ஆசிரியர்கள் வகுப்பறையில் மூன்றைக் கைக்கொள்ள வேண்டுகிறோம். மனிதரைப் 'பித்தர்', 'அடிமை' என்னாது, 'போதைப்பொருள் சார்புடையவர்' எனக் கூறுக. ஒரு பொருளை மருந்தா, நஞ்சா என வினவுவதோடு நில்லாது, எவ்வளவு, எவ்வழி, எத்தனை நாள், எவருடைய உடலில் என்றும் வினவப் பழக்குக. ஏற்பி, சார்பு, தாங்குதிறன், விலகல் அறிகுறி ஆகிய சொற்களை உயிரியல் பாடத்தில் மட்டுமன்றித் தமிழ்க் கட்டுரைகளிலும் மாணவரை எழுதச் செய்க.

மாணவர்களே, திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம்; மருந்து 95ஆம் அதிகாரம். ஒன்று விலக்க வேண்டியதைச் சொல்கிறது. மற்றொன்று நோய் தீர்க்கும் வழியைச் சொல்கிறது. விலக்கச் சொல்லும் பாடத்தை நாம் நன்றாகவே நடத்தி வருகிறோம். உங்கள் நண்பர் ஒருவர் இடர்ப்படும்போது அவருக்கு வேண்டுவது இரண்டாவது பாடம். அதைச் சொல்லத் தக்க தமிழ் உங்களிடம் இருக்க வேண்டும்.