வான்வழிக் கணக்கும் வாசற்படிக் கணக்கும்

கொட்டாரத்தில் என் அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் ஒருநாள் விடியற்காலையில் காலமானார். அவருடைய மகன் அஸ்ஸாமின் கீழ்க்கோடியில், திப்ருகர் நகருக்கு அருகே பணியில் இருந்தார். தொலைபேசியில் செய்தி போயிற்று. "எத்தனை மணிக்கு வந்து சேருவான், மக்கா?" என்று பெரியவரின் மனைவி என்னைக் கேட்டார். விமானத்தில் நான்கு மணி நேரந்தான் என்றேன். அந்தி சாயும் வரை காத்திருந்தார்கள். பிறகு சுடுகாட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். மகன் மறுநாள் காலையில் வந்தார். என் கணக்கு எங்கே பிழைத்தது என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

நமக்கு அண்மையான விமான நிலையம் திருவனந்தபுரம். 1935-ஆம் ஆண்டு பம்பாயிலிருந்து அங்கே அஞ்சல் விமானம் வந்தபோது நாஞ்சில் நாடு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1956-இல் எல்லை மாறியது, பயணம் மாறவில்லை. அங்கிருந்து திப்ருகரின் மோகன்பாரி நிலையத்துக்கு நேர்க்கோட்டில் சுமார் 2,850 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். நான் சொன்ன நான்கு மணி இதுதான்.

ஆனால் பயணி நேர்க்கோட்டிற் செல்வதில்லை. இடையில் விமானம் மாறுகிறார். கொல்கத்தாவில் மாறினால் முதற்பகுதி சுமார் 2,000, அடுத்தது 850 கிலோமீட்டர். கூட்டினால் ஏறக்குறைய அதே தொலைவு. டில்லியில் மாறினாலோ 2,230-உம் 1,760-உம் சேர்ந்து 4,000 கிலோமீட்டரை நெருங்குகிறது. எந்த வழி என்பதை அன்று கிடைக்கும் இருக்கையே முடிவு செய்கிறது.

இனித் தரைக் கணக்கு. பணியிடத்திலிருந்து நிலையத்துக்கு வர வேண்டும். புறப்பாட்டுக்கு இரண்டு மணி முன்னதாக அங்கே நிற்க வேண்டும். மாறுமிடத்தில் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். காலை விமானம் தவறினால் ஒரு பகல் போகலாம். மாலை விமானம் தவறினால் ஓரிரவு போய்விடும். திருவனந்தபுரத்தில் இறங்கிய பின்னும் நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று எண்பது கிலோமீட்டருக்கு மேல் சாலைப் பயணம் உண்டு. நெரிசல் மிகுந்த அச்சாலையில் இரண்டரை மணி நேரமேனும் ஆகும்.

திப்ருகரில் பொழுது நமக்கு முந்தி விடிகிறதே, அந்த வேறுபாட்டையும் சேர்க்க வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். தீர்க்கரேகையில் பதினெட்டுப் பாகை வேறுபாடு; பாகைக்கு நான்கு நிமிடமாக 72 நிமிடம் கதிரவன் முந்துகிறான். ஆனால் கடிகாரம் இரண்டிடத்திலும் ஒன்றே. கூட்டவும் கழிக்கவும் ஏதுமில்லை.

கன்னியாகுமரிக்கும் திப்ருகருக்கும் இடையே 2011 முதல் ஓடும் விவேக் விரைவு வண்டி, 4,100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை மூன்று நாட்களுக்கு மேல் ஓடிக் கடக்கிறது. அதனோடு ஒப்பிட்டால் விமானம் அருமையான வசதியே. ஆயினும் அது சுருக்கியது நடுவழியை மட்டுமே. இரு முனைகளையும் அன்று.

இப்போது யாரேனும் கேட்டால், வாசற்படியிலிருந்து வாசற்படி வரை எண்ணி, "நாளைக் காலை" என்றே சொல்லுகிறேன். முந்தி வந்தால் நல்லதே. காத்திருப்பதா, எடுத்துவிடுவதா என்பதை அவ்வீட்டார் உண்மை அறிந்து முடிவு செய்யட்டும்.