அரச வீட்டுக் கல்யாணமும் தெருவில் போட்ட மேசையும்

(குடியரசு நாளையொட்டி நம் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சமோசா எப்போது வரும் என்று பின்வரிசையில் இளைஞர்கள் காத்திருக்கிறார்கள்.

குடியரசு நாள் கூட்டத்தில் இங்கிலாந்து அரச குடும்பத்துக் கல்யாணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நம் செயலாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவர் பார்த்ததில் தப்பில்லை. பரம்பரை மன்னர் வேண்டாம் என்று நாம் எழுதி வைத்துக்கொண்ட நாள் இது. இன்று போய் ராஜா, ராணி கதை எதற்கு?

காரணம் இதுதான். யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ ஊர் முழுக்கக் கொடி கட்டி, கண் கலங்கி, 'இது என் நாடு' என்று பெருமைப்படுகிறார்களே, அந்தப் பெருமை எங்கிருந்து வருகிறது? அதில் எது அசல், எது வெறும் ஜிகினா? இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் நம் கொடியேற்றத்துக்கும் பயன்படும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் 1947-க்குப் போவோம். அந்த ஆண்டு நவம்பர் 20. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இளவரசி எலிசபெத்துக்கும் பிலிப்புக்கும் கல்யாணம். போர் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஜெயித்த நாடுதான், ஆனால் சாப்பாட்டுக்கு ரேஷன், துணிக்கு ரேஷன். புதுச் சட்டை வேண்டுமானால் காசு மட்டும் போதாது, கூப்பனும் வேண்டும். இளவரசிக்கும் அதே விதிதான். அரசு கொஞ்சம் கூடுதல் கூப்பன் கொடுத்தது, அவ்வளவே.

செய்தி வெளியே போனது. நாடு முழுவதும் இருந்து பெண்கள் தங்கள் துணிக் கூப்பன்களை உறையில் போட்டு இளவரசிக்கு அனுப்பினார்கள். தங்களுக்கே மாற்றுத்துணி இல்லாதவர்கள்! ஒருவர் கூப்பனை இன்னொருவர் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்பதால் அவை எல்லாமே திருப்பி அனுப்பப்பட்டன. கொடுத்ததும் பெருமை, விதியை மதித்துத் திருப்பி அனுப்பியதும் பெருமை. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண கேக் ஒன்பது அடி உயரம், நான்கு அடுக்கு. அதற்கு வேண்டிய பொருட்களை ஆஸ்திரேலியாவிலிருந்து பெண் சாரணர்கள் அனுப்பினார்கள். கல்யாண உடையில் பத்தாயிரம் சிறு முத்துக்கள். அந்தப் பட்டில் கூட ஒரு வேடிக்கை உண்டு. உடையை வடிவமைத்த நார்மன் ஹார்ட்னல் தம் நினைவுக் குறிப்புகளில் சொல்லியிருக்கிறார்: பட்டுப்புழு எந்த நாட்டுப் புழு, எதிரி நாடான ஜப்பான் புழுவா, இத்தாலிப் புழுவா என்று கேள்வி வந்ததாம். விசாரித்தால் அது சீனப் புழு. எல்லோருக்கும் நிம்மதி! தேசபக்தி புழு வரைக்கும் போய் விசாரிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இருக்காது.

நமக்கும் இந்தக் கல்யாணத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. நாம் சுதந்திரம் அடைந்து அப்போது மூன்று மாதம்தான். ஆனால் 1950 ஜனவரி 26 வரை இந்தியா டொமினியன்தான். அதாவது மணப்பெண்ணின் அப்பா ஆறாம் ஜார்ஜ் அன்றைக்குச் சட்டப்படி நமக்கும் மன்னர். காந்தி கல்யாணப் பரிசு அனுப்பினார். தாமே நூற்ற நூலில் பின்னிய ஒரு சிறு பருத்தித் துணி. அதன் நடுவில் 'ஜெய் ஹிந்த்' என்ற சொற்கள். மணப்பெண்ணின் பாட்டி மேரி அரசி அதைக் காந்தி கட்டும் இடுப்புத் துணி என்று நினைத்து முகம் சுளித்தார் என்று சொல்வார்கள். பாட்டிக்குப் புரியவில்லை, போகட்டும். நமக்குப் புரிய வேண்டும். சிறையில் அடைத்தவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வாழ்த்தும் அனுப்புகிறார், அந்த வாழ்த்துக்குள் தன் நாட்டின் வெற்றியையும் பின்னி அனுப்புகிறார். அடுத்தவர் சந்தோஷத்தைக் குறைக்காமலே நம் பெருமையைச் சொல்ல முடியும் என்பதற்கு அந்தத் துணி சாட்சி.

சரி, ஒரு கல்யாணம் எப்படி நாட்டின் விஷயமாகிறது? வால்டர் பேஜட் என்ற பத்திரிகையாசிரியர் 1867-ல் ஆங்கிலேய அரசியலமைப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இது: பட்ஜெட்டும் மந்திரிசபையும் சாதாரண மக்களுக்குப் புரிவதில்லை, மனசிலும் ஒட்டுவதில்லை. ஆனால் கல்யாணம் எல்லா வீட்டிலும் நடக்கிற விஷயம். அதையே பெரிய எழுத்தில் அச்சடித்துக் காட்டினால் எல்லோரும் படிப்பார்கள். பேஜட் கொஞ்சம் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் விஷயம் உண்மை. நாடு என்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அதற்கு ஒரு முகம், ஒரு பந்தல், ஒரு முகூர்த்தம் கிடைத்தால் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இப்போது 2011-க்கு வருவோம். ஏப்ரல் 29, வெள்ளிக்கிழமை. வில்லியம், கேட் கல்யாணம். உங்களில் பலர் டிவியில் பார்த்திருப்பீர்கள். பிரிட்டனில் மட்டும் இரண்டு கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். அபேக்குள் சுமார் 1,900 விருந்தினர்கள். அந்த உடையில் பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். அதன் பூவேலையில் நான்கு பூச்செடிகள் இருந்தன. இங்கிலாந்துக்கு ரோஜா, ஸ்காட்லாந்துக்கு முள்செடியான திசில், வேல்ஸுக்கு டாஃபடில், அயர்லாந்துக்கு ஷாம்ராக் இலை. யூனியன் ஜாக் கொடியில் வேல்ஸுக்கு இடம் கிடையாது, தெரியுமா? 1801-லிருந்து இருக்கும் அந்தக் கொடியில் மற்ற மூன்றின் சிலுவைகள்தான் உண்டு. கொடியில் விட்டுப்போனது பெண்ணின் உடையில் வந்துவிட்டது. மோதிரமும் வேல்ஸ் தங்கம். அந்தப் பூவேலையைச் செய்தவர்கள் ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க் கைவினைஞர்கள். வெள்ளைத் துணி அழுக்காகக் கூடாது என்று அரை மணிக்கு ஒருமுறை கை கழுவினார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசியை மாற்றினார்கள். பெருமை என்றால் அவர்களுக்குத்தான் முதலில் உரியது.

இன்னொரு வழக்கம். அபே வாசலுக்கு அருகில், முதல் உலகப் போரில் இறந்த, பெயர் தெரியாத ஒரு வீரரின் கல்லறை தரையோடு தரையாக இருக்கிறது. மன்னரானாலும் அதை மிதிப்பதில்லை, சுற்றித்தான் போவார்கள். 1923-ல் ஆறாம் ஜார்ஜுக்கு மனைவியாகப் போன எலிசபெத் போஸ்-லயன், உள்ளே நுழையும்போது தம் கைப்பூச்செண்டை அந்தக் கல்லறைமேல் வைத்துவிட்டு வெறும் கையோடு மணமேடைக்கு நடந்தார். அவருடைய அண்ணன் 1915-ல் லூஸ் போரில் இறந்தவர். அன்றிலிருந்து அரச வீட்டு மணப்பெண்களின் பூச்செண்டு கல்யாணம் முடிந்ததும் அந்தக் கல்லறைக்குப் போய்ச் சேர்கிறது. 1947-லும் போனது, 2011-லும் போனது. நம் வீடுகளில் கல்யாணத்துக்கு முன்னால் இறந்துபோன பெரியவர்களை நினைத்துக் கும்பிடுகிறோமே, அது போலத்தான். கூட்டத்தில் நின்றவர்கள் கண் கலங்கியது வைரத்தைப் பார்த்து மட்டும் அல்ல. தங்கள் வீட்டுத் தாத்தாவும் பெயர் இல்லாத ஒரு கல்லறையில் எங்கோ கிடக்கிறார் என்ற நினைப்பும் அதில் இருந்தது.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல வந்தது அபேயைப் பற்றி அல்ல, தெருவைப் பற்றி.

பிரிட்டனில் 'ஸ்ட்ரீட் பார்ட்டி' என்று ஒரு பழக்கம் உண்டு. 1919-ல் போர் முடிந்த சமாதானத்தைக் கொண்டாடத் தெருவில் மேசை போட்டுக் குழந்தைகளுக்குத் தேநீர் விருந்து வைத்தார்கள். அது அப்படியே வளர்ந்தது. 1945-ல் ஐரோப்பாவில் போர் முடிந்தபோதும், 1953-ல் முடிசூட்டு விழாவுக்கும், 1977-ல் வெள்ளி விழாவுக்கும் நடந்தது. ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து நகராட்சிக்கு மனுப் போட்டு அன்றைக்குத் தெருவை வண்டிகளுக்கு மூடுவார்கள். வீட்டிலிருக்கும் மேசைகளை எடுத்து வந்து ஒன்றோடொன்று ஒட்டிப் போடுவார்கள். இந்த வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் நடுவே கொடித் தோரணம். ஆளுக்கு ஒரு பண்டம். அதில் 'கொரோனேஷன் சிக்கன்' என்று ஒன்று கட்டாயம் இருக்கும். 1953 முடிசூட்டு விருந்துக்காக உருவாக்கியது. உள்ளே என்ன என்று பார்த்தால் நம்ம ஊர் பேரைச் சொல்லி விற்கும் கறிப்பொடி!

2011 கல்யாணத்துக்கு இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்துச் சுமார் 5,500 தெருக்களை மூட மனு வந்தது. ஒவ்வொரு மனுவுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் வீடு வீடாகக் கதவைத் தட்டியிருக்கிறார். "உங்கள் காரை அன்றைக்கு வேறெங்காவது நிறுத்த முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். நம் சங்கத்தில் கார் பார்க்கிங்கைப் பற்றி ஒருவரிடம் பேசிப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அது பேச்சு ஆகாது. 1981 ஜூலை 29-ல் சார்லஸ், டயானா கல்யாணம். அந்த ஏப்ரலில் லண்டன் பிரிக்ஸ்டனில் கலவரம். ஜூலையில், கல்யாணத்துக்குச் சில வாரம் முன்பு, லிவர்பூலில் கலவரம். வேலையில்லாதவர்கள் 25 லட்சத்துக்கு மேல். தங்கத் தேர் ஊர்வலம் அந்த வயிறுகளை நிரப்பவில்லை. அந்தக் கல்யாணமும் 1996-ல் விவாகரத்தில் முடிந்தது. ஆனாலும் அன்று தெருவில் சேர்ந்து சாப்பிட்ட குழந்தைகளுக்கு அந்த நாள் பொய்யாகிவிடவில்லை. மணமக்கள் பிரிந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் பிரியவில்லை.

2011-லும் எல்லோரும் கொடி பிடிக்கவில்லை. ஸ்காட்லாந்தில் ஆர்வம் குறைவு. 'ரிபப்ளிக்' என்ற மன்னராட்சி எதிர்ப்பு அமைப்பு லண்டன் ரெட் லயன் சதுக்கத்தில் தன் பங்குக்கு ஒரு தெரு விருந்து நடத்தியது. "எங்களுக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம், ஆனால் விருந்து வேண்டும்" என்கிற கட்சி! அது அமைதியாக நடந்து முடிந்தது. ஆனால் வேறு சிலரை, இடைஞ்சல் செய்யக்கூடும் என்ற சந்தேகத்தில் போலீஸ் முன்கூட்டியே பிடித்துவைத்து, விழா முடிந்ததும் வழக்கு எதுவும் இல்லாமல் விட்டுவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. போலீஸ் செய்தது சட்டப்படி சரி என்று 2017-ல் தீர்ப்பு வந்தது. சட்டப்படி சரியாக இருக்கலாம். என் மனசுக்கு அது ஒப்பவில்லை. ஒரே நாளில், ஒரே ஊரில், பெருமையின் இரண்டு முகங்கள். மாற்றுக் கருத்துக்காரனுக்குத் தனியாக ஒரு மேசை போட இடம் விட்ட பெருமை ஒன்று. அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே உள்ளே வைத்த பெருமை இன்னொன்று. முதலாவது தன்மேல் நம்பிக்கை உள்ள பெருமை. இரண்டாவது பயந்த பெருமை.

நம் வளாகத்துக்கு வருகிறேன். நமக்கு ராஜா வீட்டுக் கல்யாணம் கிடையாது. ஆனால் வருடத்துக்கு இரண்டு கொடியேற்றம் உண்டு. காலையில் கொடி ஏறும், தேசிய கீதம் பாடுவோம், மிட்டாய் கொடுப்போம், பத்து நிமிடத்தில் லிப்டில் ஏறிவிடுவோம். அதன்பிறகு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கணக்கு ஆரம்பிக்கும். யார் வந்தார், யார் வரவில்லை, வராதவருக்கு நாட்டுப்பற்று இருக்கிறதா இல்லையா? கொஞ்சம் யோசிப்போம். இரவுப் பணி முடித்து வந்து தூங்கியவராக இருக்கலாம். படுக்கையில் இருக்கும் அம்மாவை விட்டு வர முடியாதவராக இருக்கலாம். கொடிக்கம்பத்துக்குக் கீழே நிற்பதில் விருப்பம் இல்லாதவராகவே இருக்கட்டுமே. அவருக்கும் அரசியலமைப்பு அதே உரிமையைத்தான் கொடுத்திருக்கிறது. இன்று நாம் கொண்டாடுவது அந்த அரசியலமைப்பைத்தான்.

அதனால் சங்கத்திடம் என் வேண்டுகோள் இதுதான். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றியபின் மிட்டாயோடு நிறுத்த வேண்டாம். நடைபாதையில் மேசை போடுவோம். வீட்டுக்கு ஒரு பண்டம். இட்லியானாலும் சரி, ராஜ்மாவானாலும் சரி. நம் காவலாளிகளும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களும், துப்புரவுப் பணியாளர்களும் பரிமாறுகிறவர்களாக நிற்க வேண்டாம். நம்மோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். காலையில் கொடியேற்றத்துக்கு வராதவர் சாப்பாட்டுக்கு வந்தால் "ஏன் வரலை?" என்று யாரும் கேட்க வேண்டாம். "வாங்க, உட்காருங்க" என்றால் போதும்.

கார்களை அன்றைக்கு எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் செயலாளர் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறேன். அவர் மறுபடியும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். ஆகவே இத்துடன் முடித்துக்கொள்கிறேன். சமோசாவும் வந்துவிட்டது.