வண்டியில் விழும் ஒடுக்கும் கீறலும்

(ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கிணறு, சாலை, விதை, உரம் ஆகியவற்றைப் பற்றிப் பேசும் இந்த மன்றத்தில், மோட்டார் வண்டியில் விழும் ஒடுக்கைப் பற்றி நாம் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் இன்று காரோ சிறு சரக்கு வண்டியோ நிற்காத கிராமம் அரிது. அவற்றுள் பல கடன்பட்டு வாங்கியவை. வண்டி நெடுநாள் உழைத்தால்தான் குடும்பத்துக்கு நன்மை. அதன் ஆயுளைக் குறைப்பவற்றுள் ஒன்று, நாம் அலட்சியம் செய்யும் சிறு காயமேயாகும்.

தென்னை மட்டை விழுகிறது; மாட்டின் கொம்பு இடிக்கிறது; சைக்கிளின் கைப்பிடி உராய்கிறது. கதவில் ஓர் ஒடுக்கு விழுந்துவிடுகிறது. "வண்டி ஓடுகிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுகிறோம். அவ்வாறு இருக்கலாமா, கூடாதா என்பதை ஒரே கேள்வியால் அறியலாம். வர்ணம் உடைந்திருக்கிறதா?

காரின் மேல்தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள எஃகுத் தகடு. அதன்மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப் பூச்சு, மேல் மெருகு எனப் பல அடுக்குகள் உண்டு. இவை எல்லாம் சேர்ந்தும் காகிதக் கனமே. இக்கவசம் உடைந்தால், நீரும் காற்றும் எஃகைத் தொட்டுத் துருவை உண்டாக்கும். துரு வர்ணத்தின் அடியில் பரவிக் கொப்புளம்போல் எழும்பும். கவனியாது விட்டால் நாளடைவில் தகடே ஓட்டையாகிவிடும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இதை விரைவுபடுத்தும். யூரியா, பொட்டாஷ் மூட்டைகளை ஏற்றும் வண்டிகளுக்கும் இதே ஆபத்து உண்டு. உரம் ஏற்றிய அன்றே வண்டியைக் கழுவி உலர்த்துதல் நலம்.

ஆகவே, முதலில் அந்த இடத்தைக் கழுவித் துடைத்து, நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். நகம் தட்டாத கீறல் பெரும்பாலும் மேல் மெருகில் மட்டும் விழுந்ததாகும். பாலிஷ் போட்டாலே மறையும். நகம் தட்டினாலோ, உள்ளே வெண்சாம்பல் நிறமோ உலோகமோ தெரிந்தாலோ, வர்ணம் பூசியே ஆகவேண்டும். உடனே பட்டறைக்குச் செல்ல இயலாதவர்கள், அந்த இடத்தை உலர்த்தி, வண்டியின் நிறத்துக்கேற்ற டச்-அப் பெயிண்டைத் தற்காலிகமாகத் தடவி வைக்கலாம்.

வர்ணம் உடையாத ஒடுக்குக்கு வேறு வழி உண்டு. பித்தளைக் குடத்தை உள்ளிருந்து தட்டி ஒடுக்கு எடுப்பதை நாம் கண்டிருக்கிறோம். அதுபோலவே, தேர்ந்த தொழிலாளர் தகட்டின் பின்புறம் கம்பியைச் செலுத்தி, விளக்கொளியின் பிரதிபலிப்பைப் பார்த்தபடி, சிறுகச் சிறுகத் தள்ளி நிமிர்த்துவர். இதற்குப் பட்டியும் வேண்டாம், வர்ணமும் வேண்டாம். ஆனால் கூர்மையாக மடிந்த இடத்திலும் தகட்டின் ஓரத்திலும் இம்முறை எப்போதும் பலிக்காது.

டிங்கர் பட்டறைக்குச் செல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தகட்டை இயன்றவரை தட்டி நிமிர்த்திய பிறகே பட்டி பார்க்க வேண்டும். பள்ளத்தைப் பட்டியால் நிரப்பி மூடினால் அது நாளடைவில் வெடிக்கும். துருவைச் சுரண்டாமல் அதன்மேல் பட்டி பூசுவது புண்ணை ஆற்றாமல் கட்டுப் போடுவதற்கு ஒப்பாகும். வர்ணம் பூசுமுன் வேலையை நேரில் பார்த்துவிடுங்கள்.

இனி இன்ஷூரன்ஸ். சிறு சேதத்துக்கும் இழப்பீடு கேட்பது லாபம் என்று பலர் எண்ணுகின்றனர். ஓராண்டு இழப்பீடு கேளாதவருக்கு, வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் சலுகை உண்டு. 'நோ கிளெயிம் போனஸ்' எனப்படும் இச்சலுகை ஐந்து ஆண்டுகளில் 50 சதவீதம் வரை உயரும். ஒரு முறை கேட்டாலும் அது பொதுவாக அற்றுப்போகும். ஓர் உதாரணம் காண்போம். அந்தப் பிரீமியம் 8,000 ரூபாய் என்றும், 50 சதவீதச் சலுகையால் நீங்கள் 4,000 ரூபாய் செலுத்துகிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். பழுதுச் செலவு 3,000 ரூபாய். 1500 சி.சி.க்கு மேற்படாத காருக்கு முதல் 1,000 ரூபாய் உங்கள் பொறுப்பு. ஆகவே கிடைப்பது மிஞ்சினால் 2,000 ரூபாய். மறு ஆண்டு கூடுதலாகச் செலுத்துவதோ 4,000 ரூபாய்! சரக்கு வண்டிகளிலோ, கூடுதல் பிரீமியம் செலுத்திச் சேர்த்தாலன்றி மட்கார்டு, பம்பர், வர்ணம் ஆகியவற்றின் சேதம் பொதுவாக அடங்குவதில்லை. பாலிசியைப் படித்தறிவது அவசியம்.

ஊராட்சிக்குச் சொந்தமான வண்டிகளுக்கும் இவை பொருந்தும். அவை பொதுமக்களின் வரிப்பணத்தில் வாங்கியவை. வாரம் ஒரு முறை கழுவும்போது சுற்றிப் பார்த்து, கண்ட காயத்தைத் தேதியுடன் ஒரு நோட்டில் குறித்து வைத்தால், பருவமழைக்கு முன்பே சீர்செய்யலாம்.

வரப்பில் நண்டு வளையைக் கண்டவுடன் அடைப்பவர் நீங்கள். அந்தக் கண்ணோடு உங்கள் வண்டியையும் பாருங்கள்.