மணிக்கு வலிப்பு



எங்கள் நாய் மணியை உங்களுக்குத் தெரியும். அதற்கு வலிப்பு நோய். வளர்த்தவர்கள் வேண்டாம் என்று விட்டார்கள். தெரிந்துதான் நாங்கள் எடுத்து வந்தோம்.

"வெறிநாய், அடித்துக் கொல்லுங்கள்" என்றார்கள் சிலர். கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். "இது வெறிநோய் இல்லை. இந்த வலிப்பு தொற்றாது" என்றார். ஆனால் தெருவில் தெரியாத நாய் துடித்தால் கிட்டே போகாதீர்கள். வெறிநோயிலும் வலிப்பு வரும்.

வலிப்பு வந்தால் மணி சாய்ந்து விழும். கால்கள் உதைக்கும். வாயில் நுரை வரும். ஒன்று, இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். பக்கத்தில் உள்ள குடம், பெட்டியை நகர்த்துவோம். இரும்பு கொடுப்பதில்லை. தண்ணீர் ஊற்றுவதில்லை. வாயில் கை வைப்பதும் இல்லை. நாய் நாக்கை விழுங்காது. நம் விரலைத்தான் கடித்துவிடும்! அம்மா கடிகாரத்தைப் பார்ப்பார். 5 நிமிடம் தாண்டினால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஒரே நாளில் இரண்டு முறை வந்தாலும் அப்படித்தான்.

அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் சுவரில் முட்டும். எங்களையே தெரியாது. அப்போது குழந்தைகளைக் கிட்டே விடுவதில்லை.

காலை 7 மணிக்கு ஒரு மாத்திரை, இரவு 7 மணிக்கு ஒரு மாத்திரை. சோற்று உருண்டைக்குள் வைத்துத் தருவோம். நோய் அடியோடு போகவில்லை. வலிப்பு வருவது குறைந்திருக்கிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கடுமையாக வரும்.

அம்மா போன வருடம்தான் எழுதக் கற்றார். வலிப்பு வந்த தேதியையும் நேரத்தையும் நோட்டில் எழுதுவது அவர்தான். அந்த நோட்டைப் பார்த்துத்தான் மருத்துவர் மாத்திரையின் அளவைச் சொல்கிறார்.