எந்த வருடத்துப் பழசு?



இன்று பட்டம் வாங்கும் கண்ணுகளா, திருப்பூர் காதர்பேட்டையில் தொங்கும் டீ-ஷர்ட்டுகளில் நீட்டிய சிவப்பு நாக்கும் தடித்த உதடும் அச்சடித்ததைப் பார்த்திருப்பீர்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் சின்னம் அது. 1970-ல் அதை வரையத் தொடங்கியபோது ஜான் பாஷ், லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் மாணவர். கூலி 50 பவுண்டு. குழுவின் பாடகர் மிக் ஜாகர் அவருக்கு மாதிரியாகக் காட்டியது நம்முடைய காளி படத்தை.

இப்படிப்பட்ட டீ-ஷர்ட் ஆர்டர் வந்தால், பையர் அனுப்பும் விவரத்தாளான டெக் பேக்கில் கூடவே ஒரு குறிப்பும் இருக்கும்: 'வின்டேஜ் லுக்' வேண்டும். வாஷிங் யூனிட்டில் என்ன செய்வோம்? செல்லுலேஸ் என்சைமை 50 டிகிரிச் சூட்டில், லேசான அமிலத் தண்ணீரில் ஓட விடுவோம். துணியின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு நுனிகளை அது தின்னும். முக்கால் மணி, ஒரு மணி நேரம். பிறகு சூட்டை ஏற்றி என்சைமைக் கொல்ல வேண்டும். விட்டால் துணியையே தின்றுவிடும். காலையில் தைத்த சட்டை சாயங்காலம் நாற்பது வருடப் பழசாகத் தெரியும்.

இசையிலும் இந்த வாஷ் நடக்கிறது. ஒரு துண்டு சிதார், கொஞ்சம் எதிரொலி, பூப்போட்ட சட்டை. '60களின் சைகடெலிக் இசை' என்று லேபிள் ஒட்டிவிடலாம். அப்படிச் செய்யாத ஒரு இந்தியக் குழுவைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்றுதான் வந்தேன்.

அதன் பெயர் பீட்டர் கேட் ரெக்கார்டிங் கோ. டெல்லிக் குழு. அமெரிக்காவில் படித்துத் திரும்பிய சூர்யகாந்த் சாஹ்னி 2010 வாக்கில் இதை நிலைநிறுத்தினார். டிரம்ஸில் கரண் சிங், பேஸ் கிட்டாரில் துருவ் போலா, கூடவே கார்த்திக் பிள்ளையும் ரோஹித் குப்தாவும். 'சினிமா' என்ற தொகுப்பு 2011-ல் வந்தது. 'கிளைமாக்ஸ்' 2015-ல். பாரிஸிலுள்ள பனாஷ் என்ற இசை நிறுவனம் 2018-ல் அவர்களுடைய பழைய பாட்டுகளைத் திரட்டி வெளியிட்டது. அடுத்த ஆண்டு 'பிஸ்மில்லா' வந்தபோதுதான் வெளிநாட்டுக் காதுகள் இவர்கள் பக்கம் பெரிதாகத் திரும்பின. 'பீட்டா' 2024 ஆகஸ்டில் வெளியானது. படத்தில் வராத சொந்தப் பாட்டுக்குச் சந்தை சிறிதாக இருக்கும் நாட்டில், யாரும் ஆர்டர் கொடுக்காத சரக்கை இத்தனை வருடம் செய்திருக்கிறார்கள்.

அந்தச் சரக்கைக் கிட்டே போய்க் கேளுங்கள். 'ஃப்ளோட்டட் பை' பாட்டில் சாஹ்னியின் குரல் மைக்குக்கு அருகில் நின்று மெல்லப் பாடும் பழைய பாணி. ஏ.எம்.ராஜாவையும் பி.பி.சீனிவாஸையும் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த மென்மை அந்நியமாகவே இருக்காது. வார்த்தை ஆங்கிலம். பின்னால் டிரம்பெட் எழும்போது கல்யாண ஊர்வல பேண்டு வாத்தியம் போலவும் இருக்கிறது, ஐரோப்பிய நடனக்கூடம் போலவும் இருக்கிறது. 'மெமரி பாக்ஸ்' எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். டிஸ்கோத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. மூன்றடி வால்ட்ஸ், கேபரே, ஜாஸ், பழைய இந்திப் படப் பாட்டின் இழுவை எல்லாம் இவர்களிடம் உண்டு. எதுவும் மேலே தெளித்த நிறமாக இல்லை. நூலிலேயே சாயம் ஏறியிருக்கிறது. சாஹ்னி 'லிஃபாஃபா' என்ற பெயரில் தனியாக இந்தியிலும் பாடுகிறார். 2019-ல் வந்த 'ஜாகோ'வைக் கேட்டுப் பாருங்கள்.

இவர்களுக்கு முன்னோர் இல்லாமல் இல்லை. சிம்லா சிகரெட்டின் விளம்பரத்துக்காக நடந்த 'சிம்லா பீட்' போட்டிகளில் நம் நாட்டு இளைஞர்கள் கிட்டாரோடு மேடை ஏறினார்கள். 1970, 71 போட்டிகளின் இசைத்தட்டுகளை இன்று உலகெங்கும் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். அந்தப் பையன்களில் பலர் அதற்கு மேல் தொடரவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். பத்து வருடம் தாக்குப்பிடிக்கும் குழு ஒன்று வந்ததில் எனக்கு இருக்கும் சந்தோஷத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று. சைகடெலிக் போஸ்டர் பாணியே பழசிலிருந்து வந்ததுதான். 1966-ல் சான் பிரான்சிஸ்கோவில் இசைக் கச்சேரிகளுக்குப் போஸ்டர் வரைந்த வெஸ் வில்சன், எழுத்துகளை உப்பவும் நெளியவும் விட்டார். அந்த எழுத்துக்கு அவர் பார்த்துக் கற்றது, அறுபது வருடத்துக்கு முன் வியன்னாவில் ஆல்ஃபிரட் ரோலர் வரைந்த எழுத்துகளை. ரோலரை உட்கார்ந்து படித்ததால்தான் வில்சனால் புதிதாக ஒன்றை எழுத முடிந்தது.

ஆகவே பையர் 'வின்டேஜ்' என்று எழுதி அனுப்பினால், எந்த வருடத்து வின்டேஜ் என்று திருப்பிக் கேளுங்கள். 70களின் டீ-ஷர்ட்டில் பெரும்பாலும் சைடு தையல் இருக்காது, டியூபாகவே பின்னியிருப்பார்கள். கை மடிப்பிலும் அடி மடிப்பிலும் ஒற்றைத் தையல் ஓடும். 90களில் அது இரட்டை ஊசிக்கு மாறியது. பழைய டீ-ஷர்ட் சேகரிப்பவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்த மடிப்பைத்தான். என்சைம் வாஷ் அந்தத் தையலைக் கொண்டுவந்து தராது.

டெலிவரி தேதி கழுத்தை நெரிக்கும்போது இதையெல்லாம் யார் பார்ப்பது என்று மெர்ச்சண்டைசர் சொல்வார். சொல்லட்டும். ஏற்றுமதி தலையெடுத்த காலத்தில் கத்தரி பிடித்த கட்டிங் மாஸ்டர்கள் இன்னும் சில கம்பெனிகளில் இருக்கிறார்கள். அன்றைய டியூப் பாடியை எந்த கேஜ் மெஷினில் ஓட்டினார்கள், கழுத்து ரிப்புக்கு எத்தனை இழுவை விட்டார்கள் என்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. அவர்கள் ஓய்வு பெறுவதற்குள் ஒரு நோட்டோடு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.