சினை மாட்டுக்குத் தீனி

(கிள்ளான் வட்டாரத்தில் மாடு வளர்க்கும் தோட்டத் தோழர்களிடையே நிகழ்த்திய பேச்சு)



மாடு வளர்ப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க நாம் வரவில்லை. காலையில் மரம் வெட்டி, பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, பிற்பகலில் அரிவாளும் சாக்குமாகப் புல்லுக்குப் போன கூட்டம் நம்முடையது. நம் மக்கள் வந்த காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழிவந்த இனத்துக்கு, கால்நடை இலாகாவினரே ‘உள்ளூர் இந்தியப் பால்மாடு’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆயினும் ஒரு பழக்கத்தைப் பற்றிப் பேசியே தீரவேண்டும். பால் வற்றியதும் புண்ணாக்கை நிறுத்திவிடுகிறோமே, அந்தப் பழக்கம்.

ஏன் நிறுத்துகிறோம் என்பது தெரிந்ததே. எபிங்ஹாம் தோட்டம் 1950களில் பெட்டாலிங் ஜெயா ஆயிற்று. சீபீல்டு தோட்டம் 1970களில் சுபாங் ஜெயா ஆயிற்று. மேய்ச்சல் இடம் குறையக் குறைய, தீனியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. வெள்ளியை எண்ணிச் செலவழிக்கும் வீட்டில், பால் தராத மாட்டுக்குப் புண்ணாக்கு எதற்கு என்ற கேள்வி எழுவது இயற்கை. கணக்கு எழுதும் கிராணிக்கும் அது நியாயமாகவே தோன்றும்.

ஆனால் கணக்கு தவறு. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் நாட்களில் பால் குறைகிறது. அப்போது மரம் சும்மாவா நிற்கிறது? மாடும் அப்படித்தான். ஏறத்தாழ 280 நாள் சினையில், கன்றின் எடையில் பெரும்பங்கு கடைசி மூன்று மாதத்தில்தான் ஏறுகிறது. மடியும் அடுத்த கறவைக்குத் தன்னைப் புதுப்பித்துக் கொள்கிறது. அதற்காகவே ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்தச் சொல்கிறார்கள். அந்த இரண்டு மாதத்தில் மிச்சம் பிடிக்கிற புண்ணாக்குக் காசு, பின்னால் வரும் கறவையில் பால் குறைந்து இரட்டிப்பாகப் போய்விடும்.

அதற்காக மாட்டைக் கொழுக்க வைக்கவும் கூடாது. கொழுத்த மாடு ஈன்றபின் தீனியில் வாய் வைக்காது. உடம்புக் கொழுப்பைக் கரைத்தே பால் கொடுத்து, ஈரல் கெட்டு நலிந்துபோகும். விலா எலும்பு துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும். அதுவே அளவு.

பால் வற்றிய முதல் ஐந்தாறு வாரம் நல்ல புல்லும், ஒரு கிலோ அளவு கலப்புத் தீனியும் போதும். நல்ல புல் என்றால் நேப்பியர் போன்றது. முற்றின லாலாங் வயிற்றை நிரப்புமே தவிர உடம்பில் ஒட்டாது. கடைசி மூன்று வாரத்தில் தீனியைச் சிறுகச் சிறுகக் கூட்டி இரண்டு கிலோவரை கொண்டு வரலாம். மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். செம்பனைப் புண்ணாக்கு மலிவுதான். ஆனால் நறநறப்பானது, மாடு உடனே விரும்பித் தின்னாது. ஈன்ற மறுநாள் திடீரென்று கொண்டுபோய்க் கொட்டினால் என்ன பயன்? (ஆடும் வளர்க்கிறவர்கள் கவனிக்க: அந்தப் புண்ணாக்கில் செம்புச் சத்து உண்டு. மாடு தாங்கும், செம்மறியாடு தாங்காது.) தௌபூ சக்கை கிடைத்தால் நல்லது, அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் மறுநாளே புளித்துவிடும்.

இனி முக்கியமான விஷயம். ஈன்ற இரண்டொரு நாளில் நல்ல கறவை மாடு படுத்துவிடுகிறது. காது சில்லிடுகிறது, தலையை விலாப்பக்கம் திருப்பிக்கொள்கிறது. ‘பால் காய்ச்சல்’ என்கிறார்கள். உடம்பு சூடாவதில்லை, குளிர்கிறது. பெயர் வைத்தவர் தொட்டுப் பார்க்கவில்லை போலும்! இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைவதே காரணம். ஒரு லிட்டர் சீம்பாலில் 2 கிராமுக்கு மேல் அந்தச் சத்து போகிறது. பெரிய மாட்டின் இரத்தத்தில் எந்த நேரத்திலும் ஓடுவதோ 3 கிராம் அளவுதான். குறைந்த பால் தரும் நாட்டு மாட்டுக்கு இது எளிதில் வராது. பிரீஷியன் கலப்பு மாட்டுக்கு, அதிலும் மூன்றாம் ஈற்றுக்கு மேல், வரும்.

அப்படியானால் ஈனுமுன் சுண்ணாம்புச் சத்தை நிறையக் கொடுத்து வைத்தால் போயிற்று என்று தோன்றும். அதுதான் ஆபத்து. தீனியில் தாராளமாகக் கிடைக்கும்வரை மாடு தன் எலும்பிலுள்ள சேமிப்பை எடுக்கப் பழகுவதில்லை. கடைக் கடனிலேயே காலம் தள்ளியவனுக்கு, அவசரத்தில் சேமிப்புப் புத்தகம் எங்கே என்று தெரியாதது போல! ஆகவே நம் தோட்டங்களில் மூடுபயிராகப் படரும் பூரேரியா போன்ற அவரை வகைக் கொடிகளைக் கடைசி மூன்று வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச் சத்துப் பொடியும் அப்போது வேண்டாம். ஈன்றபின் இரண்டையும் தாராளமாகக் கொடுக்கலாம். எந்தப் புல்லானாலும், களைக்கொல்லி அடித்த இடத்தில் அறுக்காதீர்கள். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடையாகிவிட்டது. மற்ற மருந்துகள் இன்றும் அடிக்கப்படுகின்றன.

படுத்துவிட்ட மாட்டுக்குக் கஷாயமோ கஞ்சியோ வாயில் ஊற்றுவது கொலைக்குச் சமம். அதற்கு விழுங்கும் சக்தி இருக்காது, நுரையீரலில் இறங்கிவிடும். ஒரு காலத்தில் இந்நோய் கண்டவற்றில் பாதிக்கு மேல் செத்தன. 1897-இல் டென்மார்க்கின் கோல்டிங் நகர மருத்துவர் ஷ்மிட் மடிக்குள் மருந்து செலுத்திப் பிழைக்க வைத்தார். பிறகு வெறும் காற்றடித்தாலே பிழைப்பதைக் கண்டார்கள். காரணம் சுண்ணாம்புச் சத்துக் குறைவே என்று 1925-இல்தான் விளங்கிற்று. இன்று கால்நடை மருத்துவர் நரம்பில் மெதுவாக ஏற்றும் கால்சியம் மருந்தில், காலையில் படுத்த மாடு மத்தியானத்துக்குள் எழுந்து நிற்பதுண்டு. இராத்திரியானாலும் ஆள் அனுப்புங்கள். மாட்டை ஒருக்களித்துக் கிடக்க விடாமல், நெஞ்சு தரையில் படும்படி சாக்கு மூட்டையால் அண்டை கொடுத்து வையுங்கள்.

நல்லபடியாக ஈன்ற மாட்டுக்கு முதலில் வேண்டியது தண்ணீர், வெதுவெதுப்பாக, அது போதும் என்கிறவரை. தவிட்டில் கொஞ்சம் வெல்லம் கலந்து வைக்கலாம். புண்ணாக்கை அன்றே அள்ளிப் போடாமல் இரண்டு வாரத்தில் படிப்படியாக ஏற்றி, இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்ற கணக்குக்குக் கொண்டு வாருங்கள். நஞ்சுக்கொடி ஒரு நாளாகியும் விழாவிட்டால் கையால் இழுக்காதீர்கள்; அதுவும் மருத்துவர் வேலை.

சீம்பால் என்றால் நம் எல்லோருக்கும் நாக்கில் நீர் ஊறும். ஆனால் கன்றுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி தாயின் வயிற்றில் கிடைப்பதில்லை, சீம்பாலில்தான் கிடைக்கிறது. முதல் ஆறு மணி நேரத்துக்குள் குடித்தால்தான் முழுப் பயன். ஒரு நாள் கழிந்தால் கன்றின் குடல் அதை ஏற்பதில்லை. முப்பது கிலோ கன்றுக்கு முதல் நாளில் மூன்று லிட்டர் போக, மிஞ்சியதைப் பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுங்கள். பிரிக்பீல்ட்ஸ் வாடிக்கை வீட்டுக்காரர் போன் செய்து கேட்டாலும், நாலைந்து நாள் கழித்தே பால் வரும் என்று சொல்லிவிடுங்கள்.