வரிக்காக ஊர் மாறுவார்களா?

குறுவள மையக் கூட்டத்தில் சமூக அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை



பத்தாம் வகுப்பில் 'அரசாங்கமும் வரிகளும்' பாடம் நடத்தும்போது ஒரு கேள்வி ஆண்டுதோறும் வந்துவிடுகிறது. "வரியைக் கூட்டினா பணக்காரங்க எல்லாம் வேற ஊருக்குப் போயிட மாட்டாங்களா சார்?" நம் நாட்டை வைத்து இதற்குப் பதில் சொல்வது கடினம். வேளாண்மை வருமானம் நீங்கலாக வருமான வரி விதிக்கும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் இருக்கிறது. சில விலக்குகளைத் தவிர்த்தால் கன்னியாகுமரியில் இருப்பவருக்கும் காஷ்மீரில் இருப்பவருக்கும் ஒரே விகிதம்தான். வேலை பார்ப்பதற்காக மாநில அளவில் நாம் கட்டுவது தொழில் வரி. அரசமைப்புச் சட்டத்தின் 276-ஆவது பிரிவு அதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அரையாண்டுக்கு ஒருமுறை நம் ஊதியப் பட்டியலில் அது பிடிக்கப்படுகிறது. தொழில் வரிக்குப் பயந்து பணிமாறுதல் கேட்ட ஆசிரியரை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆகவே அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே மத்திய அரசு வருமான வரி வசூலிக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி தனியாக வருமான வரி போடலாம், போடாமலும் இருக்கலாம். கலிபோர்னியாவில் உச்ச விகிதம் 13.3 விழுக்காடு. பக்கத்திலுள்ள நெவாடாவில் ஒன்றுமில்லை. டெக்சாஸ், புளோரிடா, டென்னசி, வாஷிங்டன் உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. ஒரே நாடு, ஒரே பணம், எல்லையில் சோதனைச் சாவடி இல்லை. "மக்கள் வரிக்காக ஊர் மாறுவார்களா?" என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இந்தக் கேள்விக்கு அண்மையில் ஒரு புதிய கூட்டம் வந்து சேர்ந்திருக்கிறது. அவர்கள் கல்லூரி விளையாட்டு வீரர்கள். நம் மாணவர்களுக்கு இது சட்டென்று புரியாது, ஏனென்றால் இங்கே கல்லூரி விளையாட்டு என்றால் மண்டலப் போட்டி, ஒரு சான்றிதழ், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம், அவ்வளவுதான். அமெரிக்காவில் பல்கலைக்கழக அணிகள் மோதும் கால்பந்தாட்டத்தைப் பார்க்க ஒரு லட்சம் பேர் அமரும் அரங்கங்கள் இருக்கின்றன. (அவர்கள் கால்பந்து என்று சொல்வது நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வகுப்பு மெஸ்ஸி பக்கம் போய்விடும்.) தொலைக்காட்சி உரிமையில் கோடிக்கணக்கான டாலர் புரள்கிறது. பயிற்சியாளர்கள் பெரும் சம்பளம் வாங்குகிறார்கள். விளையாடும் பிள்ளைகளுக்கு மட்டும் பல பத்தாண்டுகளாகப் படிப்பு உதவித்தொகையைத் தாண்டிப் பணம் கொடுக்கக் கூடாது என்று விதி இருந்தது.

அந்த விதி கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தது. வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறலாம் என்று 2019-இல் கலிபோர்னியா முதலில் சட்டம் இயற்றியது. 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்புக்கு எதிராக ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே விளம்பர வருமானத்துக்கு நாடு முழுக்க வழி திறந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்களே தம் வருவாயிலிருந்து வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

இந்த உச்சவரம்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கும் அதே தொகை, கலிபோர்னியாவில் இருப்பதற்கும் அதே தொகை. இரண்டு இடத்திலும் ஒரு நட்சத்திர வீரனுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தருவதாகச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மத்திய அரசின் வரி இரண்டு பக்கமும் ஒன்றே. மாநில வரியில்தான் வேறுபாடு. கலிபோர்னியாவில் ஏறத்தாழ 1 லட்சம் டாலர் மாநிலத்துக்குப் போகும். டெக்சாஸில் ஒன்றும் போகாது. வீரர்களைத் தேடிச் சேர்க்கும் பயிற்சியாளர், பையனின் வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து பெற்றோரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டலாம்.

இதில் பிள்ளைகள் யோசிக்காத ஒரு சிக்கல் உண்டு. கலிபோர்னியாவைச் சேர்ந்த பையன் படிப்புக்காக டெக்சாஸுக்குப் போனால் மட்டும் கலிபோர்னியா அவனை விட்டுவிடாது. தற்காலிகமாக வெளியே இருப்பவன், நிரந்தர வீடு இங்கேதான் என்று கருதினால் அவன் வருமானத்துக்கு வரி கேட்கும். 'எங்கே இருக்கிறாய்' என்பதும் 'எந்த ஊர்க்காரன்' என்பதும் சட்டத்தில் வேறு வேறு. விளையாட்டில் இந்தச் சண்டை புதிதன்று. 1991-இல் மைக்கேல் ஜோர்டானின் சிகாகோ அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்க் கூடைப்பந்துக் கோப்பையை வென்றபோது, அங்கே ஆடிய நாள்களுக்கான சம்பளத்துக்குக் கலிபோர்னியா வரி கேட்டது. சிகாகோ இருக்கும் இல்லினாய்ஸ் மாநிலம் பதிலுக்குத் தானும் வெளியூர் வீரர்களுக்கு வரி போட்டது.

சரி, வரிக்காகவா வீரர்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? விளம்பர வருமானத்துக்கு வழி திறந்த பிறகு நடந்த முதல் நான்கு பருவங்களின் தேசியக் கால்பந்துப் பட்டத்தைப் பாருங்கள். 2021, 2022 இரண்டிலும் ஜார்ஜியா, 2023-இல் மிச்சிகன், 2024-இல் ஒஹையோ ஸ்டேட். மூன்று மாநிலங்களிலும் வருமான வரி உண்டு. நான்கு பருவங்களை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். ஆனாலும் பயிற்சியாளர் யார், களத்தில் இறங்க வாய்ப்புக் கிடைக்குமா, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பவையும் அந்தக் கூடத்தில் பேசப்படுகின்றன என்பது தெரிகிறது.

இருந்தும் வரியின் விளைவு பூஜ்யம் என்று சொல்ல முடியாது. ஐரோப்பாவில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு 24 விழுக்காடு என்ற குறைந்த சம விகிதத்தை ஸ்பெயின் 2004 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதைப் பயன்படுத்திய கால்பந்து வீரர் ஒருவரின் பெயரால் அது 'பெக்காம் சட்டம்' என்றே ஆகிவிட்டது. கிளெவன், லாண்டே, சாயஸ் என்ற மூன்று பொருளியல் அறிஞர்கள் 14 நாடுகளின் கால்பந்துக் கழகங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரையில், உச்ச வீரர்கள் வரிக்கேற்ப நாடு மாறுவது தெளிவாகத் தெரிந்தது. அமெரிக்காவுக்குள்ளேயே, அதிகக் காப்புரிமை பெற்ற அறிவியலாளர்கள் மாநில வரி வேறுபாட்டுக்கேற்ப இடம் மாறுவதை மொரெட்டி, வில்சன் இருவரும் 2017-இல் காட்டினார்கள்.

இனி எதிர்ப்பக்கம். அப்போது ஸ்டான்ஃபோர்டில் இருந்த சமூகவியலாளர் கிறிஸ்டோபல் யங்கும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்போர் அனைவரின் வரிப் பதிவுகளையும் 13 ஆண்டுகளுக்குப் பார்த்தார்கள். ஓராண்டில் மாநிலம் மாறிய பணக்காரர்கள் 2.4 விழுக்காடு. பொதுமக்களில் அது 2.9 விழுக்காடு. அதாவது பணக்காரர் மற்றவர்களைவிடக் குறைவாகவே நகர்கிறார். குறைந்த வரி மாநிலத்தை நோக்கிய சிறு சாய்வு தெரிந்தது, ஆனால் புளோரிடாவைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் அது ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. புளோரிடாவுக்கு வரி மட்டுமா காரணம், கடற்கரையும் வெயிலும் சேர்ந்தா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

கால்பந்து வீரன் நகர்கிறான், கோடீசுவரர் நகரவில்லை. ஏன் இந்த வேறுபாடு? வகுப்பில் நான் அதிக நேரம் செலவிடுவது இந்த இடத்தில்தான். கோடீசுவரர்களில் பலர் ஐம்பது வயதைத் தொட்டவர்கள். அவருடைய மருத்துவமனையோ கடையோ அந்த ஊரில் இருக்கிறது, வாடிக்கையாளர்கள் அங்கே இருக்கிறார்கள், மனைவிக்கு அங்கே வேலை, பிள்ளைகளுக்கு அங்கே பள்ளி. அவர் பணக்காரர் ஆனதே அந்த ஊரில் வேரூன்றியதால்தான். பதினெட்டு வயது வீரனுக்கோ சொந்த வீடு இல்லை, குடும்பம் இல்லை, எப்படியும் ஊரைவிட்டுக் கிளம்பியே ஆக வேண்டும். போகிற இடத்தைத்தான் முடிவு செய்கிறான். சம்பாதிக்கும் காலமும் சில ஆண்டுகள்தான், ஒரு முழங்கால் காயத்தில் அதுவும் முடியலாம். அவன் வரியைப் பார்ப்பதில் எனக்கு வியப்பில்லை, குறையும் சொல்ல மாட்டேன்.

சாதாரண மக்கள் நகர்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் டெக்சாஸுக்கு நாடாளுமன்றத்தில் இரண்டு இடங்கள் கூடின, புளோரிடாவுக்கு ஒன்று. கலிபோர்னியா தன் வரலாற்றிலேயே முதல்முறையாக ஓர் இடத்தை இழந்தது. வரிதான் காரணம் என்று அரசியல்வாதிகள் மேடையில் பேசினார்கள். அதே கணக்கெடுப்பில் ஆரிகனுக்கும் ஓர் இடம் கூடியது. அங்கே உச்ச விகிதம் 9.9 விழுக்காடு. வருமான வரியே இல்லாத பக்கத்து மாநிலமான வாஷிங்டனுக்கு ஒன்றும் கூடவில்லை. கலிபோர்னியாவிலிருந்து கிளம்பும் நடுத்தரக் குடும்பத்தைத் துரத்துவதில் வீட்டு விலைக்கும் வாடகைக்கும் பெரிய பங்கு உண்டு. மேலும், வருமான வரி இல்லை என்பதால் டெக்சாஸில் அரசாங்கம் இலவசமாக நடப்பதில்லை. விற்பனை வரியும் சொத்து வரியும் அங்கே கனமானவை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், வருமானத்தில் எத்தனை விழுக்காடு வரியாகப் போகிறது என்பதில் ஏழைக் குடும்பத்தின் பங்குதான் பெரும் பணக்காரரின் பங்கைவிட அதிகம். நேர்முக வரி, மறைமுக வரி என்று நாம் பாடத்தில் சொல்வதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஏன் அக்கறை இருக்க வேண்டும் என்று கேட்கலாம். கான்சாஸ் மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2012-இல் ஆளுநர் சாம் பிரௌன்பேக் வருமான வரியைப் பெரிதாகக் குறைத்தார். சிறு நிறுவனங்களின் வழியாக உரிமையாளர் கைக்கு வரும் வருமானத்துக்கு வரியே இல்லை என்றார். தொழில்கள் வந்து குவியும், மக்கள் குடியேறுவார்கள் என்பது எதிர்பார்ப்பு. எதிர்பார்த்த அளவில் யாரும் வரவில்லை. உள்ளூரில் இருந்தவர்களுக்குத் தம் வருமானத்தின் பெயரை மாற்றிக்கொள்ளும் வழிதான் திறந்தது. மாநிலப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற கூடைப்பந்துப் பயிற்சியாளருடைய ஊதியத்தின் பெரும்பகுதி அவருடைய நிறுவனத்துக்குப் போவதால் அதற்கு மாநில வரி இல்லை என்று 2016-இல் செய்தி வந்தது. சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் அதே மாநிலத்தில் 2015-இல் கான்கார்டியா, ட்வின் வேலி என்ற இரண்டு கல்வி மாவட்டங்கள் பணமில்லாமல் கல்வியாண்டை முன்கூட்டியே முடித்துப் பள்ளிகளை மூடின. பள்ளிகளுக்கு மாநிலம் தரும் நிதி போதாது என்று 2017 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஜூனில் ஆளுநரின் சொந்தக் கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம், அவருடைய மறுப்பையும் மீறி வரிக் குறைப்பை நீக்கியது.

இப்போது ஆர்கன்சாஸ். டெக்சாஸ், டென்னசி என்ற வரியில்லாத இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் இருக்கிறது. வீரர்கள் அங்கே போய்விடுவார்களே என்ற கவலையில், கல்லூரி வீரர்களுக்குப் பல்கலைக்கழகம் தரும் பணத்துக்கு மாநில வருமான வரி இல்லை என்று 2025-இல் சட்டம் இயற்றியது. இப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். அங்கே 2023 சட்டப்படி பள்ளி ஆசிரியரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 50,000 டாலர். அந்த ஆசிரியர் தன் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கட்டுகிறார். அவரிடம் படித்துப் போய்ப் பந்து விளையாடி 10 லட்சம் டாலர் வாங்கும் மாணவன் அந்தப் பணத்துக்கு மாநில வரி கட்ட வேண்டியதில்லை. அந்த வீரன் வரியால் நகரக்கூடியவன், ஆசிரியர் நகர மாட்டார் என்பதுதான் இதன் கணக்கு. கணக்கு சரியாகக்கூட இருக்கலாம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

வகுப்பில் இதைச் செய்ய இரண்டு பாடவேளை போதும். நான்கு அட்டைகள் எழுதிக்கொள்ளுங்கள்: இரண்டு கல்லூரிகளின் அழைப்பு வைத்திருக்கும் 18 வயது வீரன், ஐம்பது வயது மருத்துவமனை உரிமையாளர், பள்ளிச் சமையலர், ஓய்வுபெற்ற பொறியாளர். யார் வரிக்காக ஊர் மாறுவார், ஏன் என்று குழுவாகப் பேசச் சொல்லுங்கள். அடுத்த பாடவேளையில், போனவரின் வரி இல்லாமல் மாநிலத்தின் கணக்கை அவர்களையே போடச் சொல்லுங்கள். விழுக்காட்டுக் கணக்கு வருவதால் கணித ஆசிரியரையும் அழைத்துக்கொள்ளலாம். என் பள்ளியில் அந்தச் சமையலர் அட்டையை வைத்துத்தான் வாக்குவாதம் அதிகம் நடந்தது. அதைப் பற்றித் தேநீர் இடைவேளையில் பேசலாம்.